நடைபாதைக் கல் இடுக்கில் என்ன செடி வைக்கலாம்? நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் 14 கடப்பா கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மண். அந்த நாலு விரல் மண்ணில் என்ன வைப்பது என்று தேடி, வைத்து, பட்டுப்போய், பிடுங்கி, மறுபடி வைத்து, இப்போது நாலாவது வருஷம் ஓடுகிறது. மதுரைப் பக்கம், கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமி, போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. இதே மாதிரி இடத்தில் இருப்பவர்களுக்கு நான் பட்ட கஷ்டம் வேண்டாம் என்பதால் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதுகிறேன்.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வருவது எல்லாம் குளிர்நாட்டுப் பட்டியல்தான். தரையில் படரும் தைம், ஐரிஷ் பாசி, அது இது என்று படத்தில் பார்க்கவே கண்ணைப் பறிக்கும். நானும் தைம் விதை வரவழைத்துப் போட்டேன். மாசி வரைக்கும் அழகாக வந்தது, சித்திரை வெயிலில் பாதி கருகியது, மிச்சம் இருந்தது ஐப்பசி மழையில் வேர் அழுகிப் போனது. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடிக்கு வறண்ட காற்றும், தண்ணீர் நிற்காத சரளை மண்ணும் வேண்டும். நம் சமவெளியில் மூன்று மாதம் அடுப்பு மாதிரி வெயில், அப்புறம் மூன்று மாதம் நனைந்தே கிடக்கும் மண், இந்த இரண்டையும் ஒரே செடி தாங்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலை முயன்று பார்க்கலாம். மற்றவர்கள் வெளியே போய் ஒரு வயல் வரப்பையோ கண்மாய்க் கரையையோ பாருங்கள். ஆளும் மாடும் தினம் மிதித்தும் பச்சையாகக் கிடக்கிறதே, அதுதான் உங்கள் கல் இடுக்குக்கு வேண்டிய செடி. நாலு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், கீழே எழுதுவது எல்லாம் இதன் விரிவு.

முதல் வேலை: பாதையைக் கவனியுங்கள்

செடி வாங்கப் போவதற்கு முன் மூன்று நாள் ஒதுக்குங்கள். பாதை முழுக்க ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றும், ஆனால் இருக்காது. எங்கள் வீட்டில் கேட் பக்கம் நாள் முழுக்க வெயில், நடுவில் முருங்கை நிழல், படிக்கட்டை ஒட்டி குழாயடி ஈரம். ஒரே பாதையில் மூன்று ஊர்.

காலை 9 மணிக்கு ஒரு தடவை, 12 மணிக்கு, 3 மணிக்கு என்று போய், எந்த இடுக்கில் வெயில் விழுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் என்றால் அது வெயில் இடம், மூன்று மணி நேரத்துக்குக் கீழே என்றால் நிழல், நடுவில் இருப்பது அரை நிழல்.

அடுத்து, ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சில நிமிஷத்தில் இறங்கினால் நல்லது. அரை மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அங்கே அடிமண் இறுகிப் போயிருக்கிறது, அல்லது கல் பதித்தபோது சிமெண்ட் கலவை உள்ளே விழுந்து கெட்டியாகியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எந்தச் செடி வைத்தாலும் முதல் மழைக்காலத்திலேயே போய்விடும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாயங்காலம் பாதை முழுக்க, கல்லின் மேலும் இடுக்கிலும், கோலமாவை லேசாகத் தூவி விடுங்கள். மறுநாள் காலையில் பால்காரர் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வீட்டில் இருப்பவர்கள் நாலு தடவை போய் வந்த பிறகு பாருங்கள். கால் எங்கே விழுகிறது என்று அப்படியே தெரியும். எங்கள் வீட்டில் எல்லாரும் கல்லில்தான் நடக்கிறோம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், அம்மா சின்ன அடியாக வைத்து நடப்பதால் மூன்றாவது, ஐந்தாவது இடுக்கில் தினமும் செருப்பு பதிந்திருந்தது. கூடவே ஒரு ஓரமாக ஸ்கூட்டர் டயர் தடம், கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும். அந்த டயர் தடத்தில் எதையும் நட வேண்டாம். அங்கே சின்ன ஜல்லியைக் கொட்டி விடுவதுதான் நல்லது. டயர் தினமும் ஏறி இறங்கும் இடத்தில் மண் இறுகி வேர் மூச்சு விட முடியாமல் செத்துப்போகும்.

கல்லையும் கொஞ்சம் பாருங்கள்

புதிதாகப் பதிக்கப் போகிறவர்கள் என்றால் ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு வரைக்கும் சுமார் 2 அடி விடுங்கள், பெரியவர்கள் சாதாரணமாக எடுத்து வைக்கும் அடி அவ்வளவுதான். வயதானவர்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். இடுக்கு 3 முதல் 4 இஞ்சு. இரண்டு இஞ்சுக்குக் கீழே போனால் மண் சீக்கிரம் காயும், நாலைத் தாண்டினால் கால் தடுக்கும்.

கடப்பா கல் கறுப்பு, வெயிலை இழுத்து வைத்துக்கொள்ளும். சித்திரை மத்தியானத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கல்லை ஒட்டி இருக்கும் இலைதான் முதலில் கருகும். ஆனால் அதே கல்லுக்கு அடியில் மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கும், ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். வேர் ஒரு தடவை கல்லுக்கு அடியில் போய்விட்டால் அந்தச் செடியை வெயில் ஒன்றும் செய்யாது. அதனால் முதல் கோடைக்குள் வேர் ஆழமாகப் போக வேண்டும், நடும் மாதத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மண்ணின் மட்டம் கல்லின் மட்டத்தைவிட அரை இஞ்சு கீழே இருக்கட்டும். கால் கல்லின் விளிம்பில் பட்டு நிற்கும், செடியின் தண்டு நசுங்காது.

செடிகள்: எனக்குத் தெரிந்தவை, நான் வளர்த்தவை

வெயிலுக்கும் மிதிக்கும் சேர்த்து ஒரே ஒரு செடி சொல்லு என்றால் பொடுதலைதான். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே பொடுதலை. தாவரவியல் பெயர் ஃபைலா நோடிஃப்ளோரா. தரையோடு தரையாக ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், மிதித்தால் உயரம் குறைந்து இன்னும் அடர்த்தியாகும், உப்புத் தண்ணீரையும் தாங்கும். கிழக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூ ஒரு தீக்குச்சித் தலை அளவுதான் இருக்கும், நடுவில் கருஞ்சிவப்பு, சுற்றி ஒரு வளையமாக வெள்ளையும் இளஞ்சிவப்பும். குனிந்து பார்த்தால்தான் அழகு தெரியும். இலையை வைத்து அடையாளம் காண்பது சுலபம்: அடிப்பக்கம் குறுகி நுனிப்பக்கம் அகன்று கரண்டி மாதிரி இருக்கும், ரம்பப் பல் நுனிப் பாதியில் மட்டும்தான் இருக்கும்.

இதை நான் நர்சரி நர்சரியாகக் கேட்டு அலைந்தேன், யாரிடமும் இல்லை. கடைசியில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வரும் பாட்டியிடம் கேட்டேன்.

"ஏம்மா, பொடுதலையப் போயி யாராச்சும் காசு குடுத்து வாங்குவாகளா? கம்மாக்கரையில பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. எம்புட்டு வேணும்?"

"ஒரு பை நிறைய வேணும் பாட்டி. வேரோட வேண்டாம், நுனி மட்டும் போதும்."

"நாளைக்கு வெள்ளன கொண்டாறேன்."

மறுநாள் ஒரு மஞ்சப்பை நிறைய வந்தது. அன்றைக்கு நட்டதுதான் இன்றைக்கு எங்கள் பாதையில் பாதி.

ஜப்பானில் இதே பொடுதலையிலிருந்து குராப்பியா என்று ஒரு ரகத்தை உருவாக்கி, தண்ணீர் தட்டுப்பாடு உள்ள கலிபோர்னியாவில் புல்தரைக்குப் பதிலாகப் போடுகிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அங்கே காசு கொடுத்து வாங்கும் செடியை நாம் இங்கே களை என்று பிடுங்கிப் போடுகிறோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பூக்கும் சமயத்தில் தேனீ வரும், நிறைய வரும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருந்தால் பூ எடுத்தவுடன் மேலாகக் கத்தரித்து விடுங்கள். அல்லது பொடுதலையைக் கேட் பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு குழந்தைகள் விளையாடும் பக்கம் வேறு வையுங்கள்.

அந்த வேறுக்கு என் யோசனை சிறுபுள்ளடி. பெயர் தெரியாவிட்டாலும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், புல்தரையில் புல்லுக்கு நடுவே மூன்று மூன்றாகக் குட்டி இலை வைத்து, தரையை ஒட்டி ஒட்டிப் போகும், அதில் ஊதாவாக ஒரு பொட்டுப் பூ. அவரை, துவரைக் குடும்பம் என்பதால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்துக்கொள்ளும், உரம் கேட்காது. மிதியைத் தாங்கும். உயரம் ஒரு இஞ்சைத் தாண்டுவதே அபூர்வம். வெயிலிலும் வரும், அரை நிழலிலும் வரும். நிதானமாகத்தான் பரவும், இரண்டு இடுக்கு நிறைய எனக்கு ஆறு மாதம் ஆனது. பொறுமை இருப்பவர்களுக்குப் பொடுதலையைவிட இதுதான் சுத்தமான வேலை.

குழாயடி, துணி துவைக்கும் கல், ஏசி தண்ணீர் சொட்டும் இடம் போன்ற ஈரமான இடங்களுக்கு வல்லாரையும் நீர்ப்பிரமியும். நிழலோ அரை நிழலோ இருந்தால் வல்லாரை, நல்ல வெயிலில் ஈரம் இருந்தால் நீர்ப்பிரமி. வல்லாரைக்கு ஒரு குணம் உண்டு. கொழுத்த மண்ணும் நிழலும் கிடைத்தால் காம்பை நீட்டிக்கொண்டு அரை அடி எழும்பும், வெயில் கொஞ்சம் பட்டால் காம்பு குட்டையாகி இலை தரையில் படுக்கும். அதனால் பாதையில் வைக்கும் வல்லாரைக்கு உரத்தைக் குறையுங்கள். எப்போதாவது ஒரு மிதி பட்டால் பரவாயில்லை, தினமும் மிதிபடும் இடத்தில் காம்பு ஒடிந்துகொண்டே இருக்கும். நீர்ப்பிரமி இலை சதைப்பற்றாக இருக்கும், கல்லின் மேல் படர்ந்தால் வழுக்கும், அதைக் கல் விளிம்போடு வெட்டி நிறுத்துங்கள். சாப்பிடும் ஆசை இருந்தால் இரண்டையும் தனியாக ஒரு தொட்டியில் வையுங்கள், பாதையில் செருப்பு மிதித்ததும் சோப்புத் தண்ணீர் பட்டதும் சமையலுக்கு ஆகாது.

பொன்னாங்கண்ணியும் வைக்கலாம், கிள்ளக் கிள்ளத் தழையும், ஆனால் கிள்ளாமல் விட்டால் ஒரு மாதத்தில் கணுக்கால் உயரம் வந்துவிடும். எலிக்காதிலையும் அரை நிழலில் நன்றாகப் படரும்.

புல்தான் வேண்டும் என்பவர்கள் கொரியன் புல் கேளுங்கள், நர்சரியில் பாளமாக விற்பார்கள். மெத்தை மாதிரி இருக்கும், நல்ல வெயில் வேண்டும், மெதுவாக வளரும் என்பதால் வெட்டும் வேலை குறைவு. பாளத்தை நாலு இஞ்சு அகலப் பட்டையாகக் கத்தியால் அறுத்து இடுக்கில் பதித்தால் அன்றைக்கே பாதை முடிந்த மாதிரி தெரியும். வாங்கும்போது பாளத்தின் அடியைத் திருப்பிப் பார்த்து, கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தண்ணீர் மட்டும் மற்றச் செடிகளைவிட அதிகம் குடிக்கும்.

கால் படாத ஓரங்களில் அழகுக்கு வைக்க நிறைய இருக்கிறது. பத்துமணிப் பூ எல்லாருக்கும் தெரியும், ஒடித்து நட்டால் வரும், வெயில் எவ்வளவு அடித்தாலும் சிரிக்கும், ஆனால் தண்டு சதைப்பற்று, மிதித்தால் நசுங்கிவிடும். விஷ்ணுகிராந்தி என்னுடைய செல்லம். காய்ந்த சரளை மண்ணில், வேறு எதுவும் வராத இடத்தில், நீலமாக ஒரு பூ வைக்கும். காலையில் விரிந்து மத்தியானத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். தரை மூடும் அளவுக்கு அடர்த்தி வராது, அதை எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சள் பூ பூக்கும் அலங்கார நிலக்கடலை இப்போது எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது, தென்னைக்கு அடியிலும் படர விடுகிறார்கள், நல்ல செடிதான், ஆனால் அரை அடி உயரம் வரும் என்பதால் நாலு இஞ்சு இடுக்குக்குள் கொண்டுவர வேண்டாம், பாதையின் வெளிப்பக்கம் வையுங்கள்.

உயரத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இருட்டில் நடக்கும் பாதை. பூச்சி பொட்டு வந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கல்லை ஒட்டி இரண்டு இஞ்சுக்கு மேல் எதையும் வளர விடாதீர்கள். அதற்கு மேல் வளரும் செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதையிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள்.

கொண்டு வரவே கூடாதவை

வெடேலியா. பளபளவென்று பச்சை இலை, மஞ்சள் பூ, இரண்டே மாதத்தில் தரையை மூடிவிடும் என்று சொல்லி விற்பார்கள். சொல்வது உண்மைதான், மூடிவிடும், அப்புறம் அடுத்த வீட்டையும் வாய்க்காலையும் சேர்த்து மூடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. இதில் இன்னொரு சிக்கல், இதைத்தான் பலர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து வாங்குகிறார்கள். எனக்கும் ஒரு நர்சரியில் அப்படித்தான் கொடுத்தார்கள், கரிசலாங்கண்ணி என்று நம்பி நட்டு, ஒரு வருஷம் கழித்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தோண்டி எடுத்தேன். வெடேலியா இலையில் இரண்டு பக்கமும் காது மாதிரி மடல் பிரிந்து மூன்று கூறாகத் தெரியும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை அப்படிப் பிரியாமல் நீளமாக இருக்கும்.

அருகம்புல் தானாக வரும், வந்தால் வைத்துக்கொள்வதா என்று கேட்கிறார்கள். பாதைக்குப் பக்கத்தில் பாத்தி எதுவும் இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம், மிதிக்கு அதைப் போல வேறு இல்லை. பாத்தி இருந்தால் வேண்டாம். கல்லுக்கு அடியில் வேர்த்தண்டு ஓடி அந்தப் பக்கம் கிளம்பும், அதை முழுதாக எடுக்கக் கல்லையே பெயர்க்க வேண்டி வரும்.

தொட்டாற்சிணுங்கி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், முள் காலைக் கிழிக்கும். நெருஞ்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். புளியாரை நிழலில் அழகாக இருக்கும், ஆனால் காய் வெடித்து விதையைத் தெறிக்க விடும், தொட்டிகளில் எல்லாம் முளைக்கும். அது உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி.

மண் தயார் செய்வது

கோரைதான் நமக்கு முதல் எதிரி. மேலே பிடுங்கினால் கையோடு இலை மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே இருந்து இரண்டாகக் கிளம்பும். இடுக்கில் இருக்கும் பழைய மண்ணை 6 இஞ்சு ஆழத்துக்கு முழுக்க எடுத்து விடுங்கள். அகலம் குறைவு என்பதால் களைக்கொத்து சில இடத்தில் நுழையாது, நான் ஒரு பழைய இரும்புக் கரண்டியால்தான் எடுத்தேன். எடுத்த மண்ணில் கறுப்பாக, கடலை அளவில் உருண்டை உருண்டையாக இருப்பது எல்லாம் கோரைக்கிழங்கு. சலித்துப் பொறுக்கி வெயிலில் காய வையுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். நேரம் இருப்பவர்கள் சித்திரை, வைகாசியில் மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரி தெளிவான பாலிதீன் தாளை மூடி ஓரங்களை மண்ணால் அடைத்து 4 முதல் 6 வாரம் விட்டால் மேல் மண்ணில் இருக்கும் களை விதை பெரும்பாலும் வெந்துவிடும். கோரைக்கிழங்குக்கு அது போதாது, அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

சிமெண்ட் கட்டி இருந்தால் உளியால் தட்டி எடுத்துவிடுங்கள். சிமெண்ட் தூள் மண்ணில் கலந்தால் காரத்தன்மை ஏறி இலை மஞ்சளாகும்.

புது மண்ணுக்கு 2 பங்கு செம்மண், 1 பங்கு மணல், 1 பங்கு மட்கிய சாணமோ மண்புழு உரமோ. எங்கள் வீட்டுக் கணக்கு: 13 இடுக்கு, ஒவ்வொன்றும் 2 அடி நீளம், ஆக மொத்தம் 26 அடி. நாலு இஞ்சு அகலம், ஆறு இஞ்சு ஆழம் என்றால் சிமெண்ட் சாக்கில் கிட்டத்தட்ட நாலு சாக்கு பிடிக்கும், அதாவது செம்மண் 2 சாக்கு, மணல் 1, உரம் 1. வல்லாரை, நீர்ப்பிரமி வைக்கும் இடத்தில் மணலைப் பாதியாகக் குறையுங்கள். விஷ்ணுகிராந்திக்கு உரமே வேண்டாம். மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு ஒரு வாரம் விடுங்கள், படிந்து இறங்கும். இறங்கிய பிறகு மறுபடி நிரப்பி, கல்லுக்கு அரை இஞ்சு கீழே நிறுத்துங்கள். அந்த ஒரு வாரத்தில் மிச்சக் களையும் முளைத்துக் காட்டிக்கொடுக்கும்.

எப்போது நடுவது, எப்படி நடுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும், ஆனால் ஆடிக் காற்று சின்னத் துண்டுகளைக் காய்ச்சிவிடும், அதனால் நான் ஆவணி முதல் வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும், மழை கரைத்துக்கொண்டு போகாது, அடுத்த சித்திரை வருவதற்குள் எட்டு மாதம் வேர் இறங்கிவிடும். ஆவணியைத் தவற விட்டவர்கள் மழை ஓய்ந்த பிறகு தை மாதம் நடலாம், அப்படி நட்டால் முதல் கோடையில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பார்க்க வேண்டும். பங்குனிக்கு மேல் நடவே நடாதீர்கள்.

கண்மாய்க் கரையிலோ வரப்பிலோ செடி எடுப்பதாக இருந்தால் நுனித் துண்டுகளை மட்டும் கிள்ளி எடுங்கள். மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்தால் கோரையும் பார்த்தீனியமும் கூடவே வீட்டுக்கு வரும். ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து, ஒரு வாளித் தண்ணீரில் அலசி, அன்றைக்கே நட்டுவிடுங்கள்.

ஒரு துண்டு நாலு இஞ்சு நீளம், அதில் மூன்று நாலு கணு இருக்க வேண்டும். அடியில் உள்ள இரண்டு கணுவில் இலையை நீக்குங்கள். மண்ணில் விரலால் ஒரு கோடு கிழித்து, துண்டைப் படுக்க வைத்து, இலை நீக்கிய இரண்டு கணுவையும் மண்ணால் மூடி, கட்டை விரலால் அழுத்துங்கள். நுனி வெளியே நிற்கட்டும். நேராகக் குத்தி வைப்பதைவிட இப்படிப் படுக்க வைத்தால் இரண்டு கணுவிலும் வேர் வரும். அரை அடிக்கு ஒரு துண்டு. 26 அடிக்கு 52 துண்டு, கூட ஒரு பத்துத் துண்டை ஒரு பழைய டப்பாவில் தனியாக நட்டு வையுங்கள், பட்டுப்போன இடத்தில் நிரப்ப உதவும். வேலையைச் சாயங்காலம் 4 மணிக்கு மேல் ஆரம்பியுங்கள், ராத்திரி முழுக்கச் செடிக்கு ஓய்வு கிடைக்கும்.

ஒரே இடுக்கில் இரண்டு செடியைக் கலக்காதீர்கள். பொடுதலையும் சிறுபுள்ளடியும் சேர்த்து வைத்தேன், மூன்றே மாதத்தில் பொடுதலை மற்றதை மூடிவிட்டது. இடுக்குக்கு ஒரு செடி, வெயில் மாறும் இடத்தில் செடி மாறட்டும்.

முதல் மூன்று மாதம்

முதல் பத்து நாள் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர். குழாயை நேராகப் பிடித்தால் மண் பறிந்து துண்டு மிதந்துவிடும். எட்டாம் நாள் வாக்கில் ஒரு துண்டை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, பூப்பறிக்கும் வேகத்தில் மேலே இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேர் வந்துவிட்டது. எனக்கு அந்தச் சின்ன இழுவை விரலில் பட்டபோது அவ்வளவு சந்தோஷம். அடுத்த ஒரு மாதத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் மழையைப் பார்த்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை. குழாயடி இடுக்குகளுக்கு இந்தக் கணக்கு இல்லை, அங்கே ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் 40 நாள் யாரும் இடுக்கில் மிதிக்கக் கூடாது. கோழி இருக்கும் வீடு என்றால் பழைய கொசுவலையையோ கோழி வலையையோ மேலே விரித்துக் கல் வையுங்கள், இல்லையென்றால் ஒரே காலையில் எல்லாவற்றையும் கிளறிவிடும். மழைக்காலத்தில் ராத்திரி ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்து நத்தைகளைப் பொறுக்கி எடுங்கள், வல்லாரையை அது விடாது.

இந்த மூன்று மாதமும் வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து களை எடுக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. செடி மண்ணை மூடும் வரைக்கும்தான் இந்த வேலை, மூடிவிட்டால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது. களைக்கொல்லி மருந்து அடிக்கலாமா என்று கேட்காதீர்கள், நாலு இஞ்சு இடுக்கில் களை மேல் மட்டும் மருந்து படும்படி யாராலும் அடிக்க முடியாது.

அதற்கப்புறம்

45 நாளுக்கு ஒரு தடவை புல் வெட்டும் கத்தரியால் மேலாக ஒரு வெட்டு, கல்லின் மேல் ஏறிய தண்டைப் பழைய கத்தியால் விளிம்போடு ஒரு கீறல். எங்கள் பாதைக்கு மொத்தமாக ஒரு மணி நேரம் போதும். வெட்டிய பொடுதலைத் துண்டைப் பாத்தியில் வீசாதீர்கள், விழுந்த இடத்தில் வேர் விடும். கல்லின் மேலேயே ஒருநாள் வெயிலில் காயப் போட்டு, சருகான பிறகு எருக்குழியில் போடுங்கள்.

யூரியா வேண்டாம். தண்டு நீண்டு, இலை வெளிறி, மிதித்தால் உடையும் செடிதான் கிடைக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆவணியிலும் தையிலும், வெட்டி முடித்த பிறகு ஒரு இடுக்குக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவித் தண்ணீர் விட்டால் போதும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மண் கரைந்து இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, வேர் வெளியே தெரிந்தால் சலித்த செம்மண்ணைத் தூவி மூடுங்கள். கல்லில் பாசி பிடித்திருந்தால் தேங்காய் நாரால் தேய்த்து எடுங்கள். ஆசிட் ஊற்றக் கூடாது, இடுக்கில் இருக்கும் எல்லாமே செத்துப்போகும். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை என்பதால் கல்லும் அரித்துப்போகும்.

அக்னி நட்சத்திரத்தில் பொடுதலை கொஞ்சம் வாடி, நிறம் மங்கி, இலை சிறுத்துப் போகும். பயந்துகொண்டு தினமும் தண்ணீரைக் கொட்டாதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை நன்றாக ஆழமாக நனையும்படி விட்டால் தாங்கும், முதல் கோடை மழை விழுந்த பத்தாவது நாள் பழையபடி வந்துவிடும்.

எங்காவது வழுக்கை விழுந்தால் காரணத்தைப் பாருங்கள். அநேகமாகக் கால் விழும் இடமாக இருக்கும், கோலமாவுச் சோதனையை மறுபடி செய்து பார்த்தால் தெரிந்துவிடும். அம்மா மிதிக்கும் அந்த மூன்றாவது, ஐந்தாவது இடுக்கில் எனக்கு எது வைத்தும் நிற்கவில்லை. கடைசியில் அந்த இடுக்குகளை ஒட்டிய இரண்டு கல்லையும் பெயர்த்து அவர்கள் அடிக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் நகர்த்திப் பதித்தேன். டப்பாவில் வளர்த்து வைத்திருந்த சிறுபுள்ளடியை அந்த இடுக்குகளில் எடுத்து வைத்து மூன்று மாதம் ஆகிறது, இப்போது இரண்டும் பாதிக்கு மேல் மூடியிருக்கின்றன.